கரிக்கொட்டகைப் பாதையின் இரண்டு துணிகள்

நாவற்குறிச்சி சந்திப்பின் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் இருந்த பொம்மைத் தண்டவாளத்தில் ரத்தம் கசியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அருளாயி அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. அவள் முதலில் தன் விரலைப் பார்த்தாள், விரலில் காயம் இல்லை என்று தெரிந்ததும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் மறுபடி துடைத்தாள், அந்தப் பக்கமும் சிவந்தபோது ஸ்பிரிட் புட்டியை மூடிவைத்துவிட்டுச் செயலாளர் ராமபத்ரனிடம் போய், வடக்குக் கேபின் பக்கத்தில் ரத்தம் வருகிறது சார், ஒரு துணி போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்றாள்.

அந்தப் பொம்மைத் தண்டவாளம் எங்கள் ஊரேதான். ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பிலிப்ஸ் என்பவர் பதினோரு வருடம் உட்கார்ந்து, நான்கு டேபிள் டென்னிஸ் மேசைகளை ஒட்டிப் போட்டது போன்ற பரப்பில், ஸ்டேஷனையும் யார்டையும் லெவல் கிராசிங்கையும் மாதா கோயிலையும் காளியம்மன் கோயிலையும் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைகளையும், ஒரு லைன் விடாமல் எல்லா லைன்களையும் ஒரு விரல் அகலத்துக்குச் செய்துவைத்துவிட்டு இறந்துபோனார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அதில் ரயில் ஓடும். தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்கு மின்சாரம் போகிறது என்பதால், தூசியோ எண்ணெயோ சக்கரம் விட்டுப்போன கருப்போ படிந்தால் ரயில் நின்றுவிடும், அதனால் தினமும் துடைக்க வேண்டும். எப்படித் துடைப்பது என்று பிலிப்ஸ் தன் கையால் எழுதி ஒட்டிய தாள் சுவரில் இருந்தது: பழைய வேட்டித் துணி மட்டும், ஸ்பிரிட் சில சொட்டு மட்டும், ஒரே திசையில் துடைக்கவும், உப்புத்தாளை இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது, அது போடும் கீறலில் அழுக்குக் குடியேறிவிடும், பிறகு எந்தத் துணிக்கும் வராது. ஆறு வருடமாக அருளாயி அந்தத் தாளில் இருந்தபடியே துடைத்துவந்தாள்.

முதல் நாள் ரத்தம் யாருடையது என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டோம். ரயில்வே ஊர் என்பதால் எதற்கும் எங்களிடம் பதிவேடு உண்டு. தண்டவாளத்தில் செத்தவர்களின் பழைய பதிவேடுகள் இன்ஸ்டிடியூட்டின் நூலக அலமாரியிலேயே கிடந்தன, அவற்றின் முதல் பக்கத்தில் முதல் ஆளாக, லைன் போட்ட காலத்தில் வடக்குக் கேபின் அருகே தண்டவாளம் சரிந்து நசுங்கிய முனியன் என்ற கூலியாள் இருந்தான். புதன்கிழமை இரண்டாவது ஆள் கசிந்தான், அவனும் பதிவேட்டில் சொன்ன இடத்திலேயே. வியாழக்கிழமை ராமபத்ரன் பேனாவால் எண்ணிப் பார்த்து, மொத்தம் இருநூற்று ஒன்பது பேர், நாளுக்கு ஒருவர், வரிசை மாறாது என்று அறிவித்தார். அன்றிலிருந்து வாசலில் கரும்பலகை வைத்து, இன்று வர வேண்டியவர், இடம், காரணம் என்று சாக்பீஸால் எழுதினார். பெரும்பாலும் காலை ஒன்பதரைக்கு ரத்தம் வரும், கால் மணி தாமதமானால் எங்கள் ஆட்கள் ஸ்டேஷனில் நிற்பதுபோலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முணுமுணுப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிட்டது. செத்தவரின் குடும்பத்துக்கு முன்வரிசை பெஞ்சு. ரத்தம் முழுதாக வந்து நின்ற பிறகுதான் துடைக்க வேண்டும். துடைத்த துணியை அருளாயி நாலாக மடித்து இரண்டு கையாலும் குடும்பத்தாரிடம் கொடுப்பாள், அவர்கள் கொண்டுபோய்த் தங்கள் வழக்கப்படி புதைக்கவோ எரிக்கவோ செய்வார்கள், யாரும் இல்லாதவர்களின் துணியை இன்ஸ்டிடியூட் வேப்பமரத்தடியில் அவளே புதைப்பாள். மூன்று மாதத்தில் ஊரில் பழைய வேட்டி இல்லாமல் போய், ஆண்கள் புது வேட்டி வாங்கித் துவைத்துப் பழசாக்கிக் கொடுத்தார்கள். ரத்த வாடையைப் பற்றிக் கேரம் ஆடுகிறவர்கள் முதல் வாரம் குறை சொன்னார்கள், இரண்டாம் வாரம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

தொண்ணூற்று ஏழாவது நாள் மட்டும் ஒன்று நடந்தது. பாலத்திலிருந்து குதித்துத் தற்கொலை என்று பதிவேடு சொன்ன ஒரு குமாஸ்தாவின் மனைவி, பாலத்தில் வராமல் அரை மைல் தள்ளி, அதிகாரிகள் பங்களாவின் பின்பக்கம் போகும் லைனில் வந்தாள். அறையில் எழுபது பேர் இருந்தோம். பதிவேடு தவறலாம், தண்டவாளம் தவறாது என்று எங்களுக்குத் தெரிந்துபோனது அன்றுதான், அதைத் தெரிந்துகொண்டு நாங்கள் செய்தது, கரும்பலகையில் இருந்த இடத்தின் பெயரை மட்டும் ஈரத்துணியால் அழித்துவிட்டு வீட்டுக்குப் போனது.

பதிவேட்டின் கடைசி ஆள், இருநூற்று ஒன்பதாவது ஆள், அருளாயியின் தம்பி பாக்கியநாதன். கேங்மேன். தோளில் சுத்தியலும் கையில் ஸ்பேனருமாகத் தினமும் எட்டு கிலோமீட்டர் தண்டவாளத்தில் நடந்து கழன்ற போல்ட்டுகளை முடுக்கியவன். போன வருடம் ஆடி மாதத்தில் அவுட்டர் சிக்னல் அருகே பாசஞ்சர் வண்டியில் அடிபட்டுச் செத்தான் என்றும், காரணம் அவனுடைய கவனக்குறைவு என்றும் பதிவேட்டில் இருந்தது. அந்த ஒரு வார்த்தையால் குவார்ட்டர்ஸ் போனது, வாரிசு வேலை போனது. அவை போனதைவிட, பத்து வருடம் காலடிச் சத்தத்தைப்போல வண்டிச் சத்தத்தைக் கேட்டவனை வண்டி வருவது தெரியாத மடையன் என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் அருளாயிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கரிக்கொட்டகைக்குப் போகும் பழைய பாதையிலிருந்து இரும்பு திருடுகிறார்கள் என்று அவன் செத்ததற்கு முந்தின வாரம் எழுதிக் கொடுத்திருந்தான். அந்தக் காகிதம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் பழைய இரும்பு காண்ட்ராக்ட் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இருபது வருடமாகக் கரிக்கொட்டகைப் பாதையில் எந்த வண்டியும் போவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

காண்ட்ராக்டர் தணிகாசலம் ஆறடி ஆள், கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். இன்ஸ்டிடியூட்டின் மின்விசிறிகள் எல்லாவற்றிலும் அவர் பெயர் எழுதியிருக்கும். டீயில் சர்க்கரை கூடிவிட்டது என்று காசிலிங்கத்தின் மணிக்கட்டை அவன் கடை மேசையிலேயே வைத்து முறித்தவர், முறித்த பிறகு அதே டீயைக் குடித்து முடித்தவர். தொண்ணூற்று எட்டாவது நாளிலிருந்து அவர் தினமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். இதை நிறுத்து என்று ராமபத்ரனிடம் சொன்னார். ராமபத்ரன் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார், தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தார். தார்ப்பாயின் மேல் ரத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை, இருநூற்று ஏழாவது ஆளின் துணியை அருளாயி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தணிகாசலம் அவள் பக்கத்தில் வந்து நின்று, மிகவும் மெதுவாகப் பேசினார்.

"ஞாயித்துக்கிழம அவுட்டர் சிக்னல்ல வந்தா தொட. வேற எங்கயாச்சும் வந்தா, யாரும் பாக்கறதுக்கு முன்னாடி தொட. உனக்கு ரெண்டு கை இருக்குல்ல, அது ரெண்டும் வேணும்ல?"

அவள் துணியை மடித்து முடித்தாள்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நூலகம் என் பொறுப்பில் இருந்தது. என் மேசை வாசலை ஒட்டி இருக்கும், கல்லூரி முடித்து வந்து இரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருந்தும் யாரும் என்னிடம் புத்தகத்தின் பெயரைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அரை மணி கழித்து அவர் வெளியே வந்தபோது வேட்டியில் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை அருளாயி வழக்கம்போல வடக்குக் கேபினிலிருந்து துடைத்துக்கொண்டே வந்து, கரிக்கொட்டகைப் பாதையில் ஒரு சாண் தூரம் தண்டவாளம் புது வெள்ளிபோல மின்னுவதைக் கண்டு நின்றாள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். உப்புத்தாளின் மணல் இன்னும் ஓரத்தில் கிடந்தது. ரத்தம் வருவதற்கு முன்பே, பதிவேடு அவுட்டர் சிக்னல் என்று சொல்லியிருக்கும்போது, மேசை முழுவதும் ஓடும் அத்தனை லைன்களில் இந்த ஒரு சாணை மட்டும் ஒருவன் தேடி வந்து தேய்த்திருக்கிறான். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் மணலை ஊதித் தள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு, பையிலிருந்து தம்பியின் காக்கிச் சட்டையை எடுத்து அதன் ஒரு கையை அளவாகக் கத்தரித்து மடித்து வைத்துக்கொண்டாள்.

அன்று அறைக்குள் இருநூறு பேர் இருந்தோம். ஒன்பதரை ஆனது, அவுட்டர் சிக்னலில் எதுவும் வரவில்லை. பத்தானது. ராமபத்ரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பத்தேகாலுக்குத் தணிகாசலம் பின்வரிசையிலிருந்து எழுந்து சிரித்தார்.

"உன் தம்பிக்கு ஒடம்புல ரத்தமே கெடையாது போலருக்கு அருளாயி. சாராயம்தான் இருந்துருக்கும். அது காத்துல போயிருக்கும்."

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் அவர் பார்ப்பார் என்பதற்காக. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கரிக்கொட்டகைப் பாதை நிறைந்தது. மற்றவர்களுடைய ரத்தம் துளியாகக் கசிந்து நின்றதுபோல இல்லாமல், இது ஒவ்வொரு கீறலாக ஏறி, கீறல்கள் எல்லாம் சிவப்பு எழுத்துகள்போலத் தெரிந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு ஓர் ஆள் படுத்ததுபோலப் படுத்தது.

"தொட," என்றார் தணிகாசலம்.

அருளாயி மடித்த துணியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொடன்னு சொன்னேன்."

"முழுசா வந்து நின்ன பெறகுதான் தொடைக்கணும்ணே," என்றாள் அவள். "எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சேன்."

அவர் அடித்தது கன்னத்தில். உதடு கிழிந்து அவள் பிலிப்ஸ் செய்த மாதா கோயிலின் மேல் விழுந்தாள், கோபுரம் ஒடிந்தது. இரண்டாம் அடி காதில். எழுந்தபோதும் துணி அவள் கையில்தான் இருந்தது, இன்னும் சுத்தமாக இருந்தது. நாங்கள் இருநூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தன் தோள் துண்டை எடுத்துத் தானே துடைக்கத் தொடங்கினார். துண்டு நனைந்து பிழிய வேண்டியதாகிவிட்டது, தண்டவாளம் அப்படியே இருந்தது. உள்ளங்கையால் தேய்த்தார். விரல் நகத்தால் சுரண்டினார். அந்த மெல்லிய உலோகம் கத்திபோல அவர் விரல்களைத் திறந்தது, அவருடைய ரத்தமும் அதில் சேர்ந்தது, அவர் நிறுத்தவில்லை, எலும்பு தெரியும்வரை முன்னும் பின்னும் முன்னும் பின்னும் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே, தனியாக இருக்கும் மனிதன் வேலை செய்யும்போது பேசுவதுபோலப் பேசினார்.

"அன்னைக்கும் இப்படித்தான். நாலு கொடம் ஊத்துனேன், போகல. அவன் சுத்தியல வச்சே அடிச்சேன், ரெண்டு அடியில சாவல. மத்தியானச் சங்கு ஊதுச்சு, நல்லதாப் போச்சு. மண்ணள்ளிப் போட்டேன். அதுக்கு மேலயும் வருது."

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிமிர்ந்தார். அறையில் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலில் நகர்ந்தவன் காசிலிங்கம், முறிந்து கோணலாகக் கூடிய மணிக்கட்டோடு. அதற்குப் பிறகு யார் எங்கே பிடித்தார்கள் என்று சொல்வது கடினம், பத்து வருடமாகக் குனிந்திருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன, ஆறடி உடம்பை மேசைகளுக்கு நடுவே இழுத்தார்கள், கேரம் காய்கள் சிதறின. அருளாயி மட்டும் கத்தினாள். வேணாம், அவன் வாயால சொன்னத எழுதணும், சார், எழுதச் சொல்லுங்க சார், என்று அவள் ராமபத்ரனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கதவைப் பிடிம்மா என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். நான் எழுந்து கதவை அகலத் திறந்து, அவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதையும் அதற்குரிய இடத்தில் செய்து பழகியவர்கள் என்பதால் அவரைக் கரிக்கொட்டகைப் பாதைக்கே கொண்டுபோனார்கள். கடப்பாரையும் இருந்தது, கற்களும் இருந்தன, பெண்களின் செருப்புகளும் இருந்தன. வெயில் உச்சியில் இருந்தது. முடிந்த பிறகு, அவரிடமிருந்தே கற்ற விதத்தில், அவரைத் தூக்கிக்கொண்டு போய் அவுட்டர் சிக்னல் அருகே மெயின் லைனில் வைத்தார்கள், பாசஞ்சர் வண்டி நேரத்துக்கு வந்தது. நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மண்ணைப் போட்டு மூடினார்கள். திரும்பி வந்து கேரம் காய்களைப் பொறுக்கி எண்ணிப் பெட்டியில் போட்டார்கள், சிவப்புக் காய் மட்டும் கிடைக்கவில்லை.

அந்த நேரமெல்லாம் அருளாயி அறையில் தனியாக, காக்கித் துணியில் நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டு, ஒரே திசையில் தம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்தது வந்துவிட்டது. கீறல்களில் இருந்தது வரவில்லை. மாலையில் அவள் பதிவேட்டைக் கொண்டுவந்து ராமபத்ரனின் முன் விரித்து, இடத்தை மாற்றி எழுதச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், இப்போது முடியாது என்றார். எழுதினால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், சொன்ன ஆள் எங்கே என்று கேட்பார்கள், ஊரே உள்ளே போக வேண்டியிருக்கும், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றார். பிறகு, அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, பதிவேடு விரிந்திருந்த வசதிக்கு, பாக்கியநாதனுக்குக் கீழே புது வரி எழுதினார். தணிகாசலம், காண்ட்ராக்டர், அவுட்டர் சிக்னல் அருகே, கவனக்குறைவு.

திங்கட்கிழமை கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஒன்பதரைக்குக் கரிக்கொட்டகைப் பாதையில், பாக்கியநாதனின் கீறல்களை ஒட்டி, இருநூற்றுப் பத்தாவது ரத்தம் வந்தது. அருளாயி வீங்கிய உதட்டோடு அது நிற்கும்வரை காத்திருந்து, துடைத்து, நாலாக மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்வரிசை பெஞ்சுக்கு வந்தாள். தணிகாசலத்தின் மனைவி விடியற்காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. அவள் எங்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் போய் நின்று அதை நீட்டினாள். ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசியில் ராமபத்ரனின் மேசையில் அதை வைத்து, பக்கத்தில் தன் தம்பியின் காக்கித் துணியையும் வைத்தாள்.

"ரெண்டையும் மாத்தி எழுதுங்க சார். ரெண்டும் ஒரே எடம்தான்."

"அவன் உன் தம்பியக் கொன்னவன்மா," என்றார் ராமபத்ரன்.

"தெரியும் சார். அவன் எழுத வச்ச மாதிரியே நீங்களும் எழுதியிருக்கீங்க."

அன்றோடு அவள் துடைப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு நாளும் வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். கரிக்கொட்டகைப் பாதையிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. முதலில் யார்டு நிறைந்தது, பிறகு மெயின் லைன், பிறகு எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைகளின் வாசல்கள். பலர் துணியோடு வந்து துடைத்துப் பார்த்தார்கள், அவர்கள் கை எடுத்த இடத்தில் மறுபடி வந்தது. நாங்கள் இதற்கும் பழகிக்கொள்ளப் பார்த்தோம். மேசைக்கு அடியில் பக்கெட்டுகள் வைத்தோம், தரையில் மரத்தூள் போட்டோம், கேரம் பலகைகளைச் சுவரோரம் நகர்த்தினோம். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடவில்லை. வீடுகளில் சோற்றைப் பிசையும்போது விரலில் அந்த வாடை வந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பதினோராவது நாள் ராமபத்ரன் பேனாவைத் திறந்தார். பாக்கியநாதனின் வரியில் அவுட்டர் சிக்னல் என்பதை அடித்துக் கரிக்கொட்டகைப் பாதை என்று எழுதினார். கவனக்குறைவு என்பதை அடித்து, கொலை என்று எழுதக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அடுத்த வரியிலும் அதையே செய்தார். யாரால் என்ற இடத்தில் பேனா நின்றது. அருளாயி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

"பேரு மட்டும் போதாது," என்றாள். "என்ன பண்ணுனீங்கன்னு எழுதுங்க. அவனுக்குப் பண்ணுனதையும், என் தம்பிக்குப் பண்ணாததையும்."

வெகு நேரம் கழித்துக் காசிலிங்கம் வந்தான். கோணல் கையால் எழுதினான். கடப்பாரையைக் கொண்டுவந்தது நான். அடுத்து வந்தவர், கால்களைப் பிடித்தது நான் என்று எழுதினார். கரிக்கொட்டகையை ஒட்டிய வீட்டுக்காரி, போன ஆடியில் மத்தியானச் சங்குக்குள் இன்னொரு சத்தமும் கேட்டதென்றும், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியதாகவும் எழுதினாள். ஒரு பக்கம் போதவில்லை, பக்கத்தைத் திருப்பினார்கள். ராமபத்ரன், சாவி கொடுத்தது நான் என்று எழுதினார். எழுதியவர்கள் வெளியே போகாமல் சுவரோரம் நின்றார்கள், போலீஸ் வரும் என்று தெரிந்தே நின்றார்கள்.

அருளாயி ஸ்பிரிட் புட்டியைத் திறந்து வடக்குக் கேபினிலிருந்து துடைக்க ஆரம்பித்திருந்தாள். துணி ஒரே திசையில் போனது. பேனா என் மேசைக்கு வந்தபோது முப்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நான் முப்பத்து நான்காவது வரியில் என் பெயரை எழுதி, அதன் பக்கத்தில், சனிக்கிழமை வேட்டியில் தூளைப் பார்த்தேன், சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன் என்று எழுதினேன்.